வந்து மறையும் முகம்

"மாப்பிள்ளை, கம்பெனி வெப்சைட் பக்கத்துல உங்க மூஞ்சி வந்துட்டு ஓடிப்போயிடுதே!"

மாமனாருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே நம்பிக்கை கிடையாது. எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையடிக்கப் போனில் திறந்து காட்டி, மானம் போனதுதான் மிச்சம்.

மருமகன் லேப்டாப்பில் திறந்தான். அதில் படம் வரவே இல்லை.

"டைமிங் கோளாறு மாமா. பக்கத்தை ஓட்டுற ஜாவாஸ்கிரிப்ட் முந்திக்குது. பிரௌசருக்கு பிரௌசர் வேற மாதிரி நடக்கும்."

"இதைக்கூடச் சரிபண்ணலைன்னா எவன் சம்பளம் குடுப்பான்?"

"அதான் பயமே. அந்தப் பக்கத்துக்குப் புரோகிராம் எழுதினது நான். மேனேஜர் சின்னத் தப்புக்கே ஆளைத் தூக்குறவர். அவர் கண்ணுல படறதுக்குள்ள முடிக்கணும்."

சாப்பாடு ஆறிப்போனது. இருக்கிற பிரௌசரில் எல்லாம் ஓட்டிப் பார்த்தும் பிழை பிடிபடவில்லை. கடைசியில் ஆபீஸ் நண்பனை அழைத்து, மாமனாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

நண்பன் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"புரோகிராம்ல ஒரு பிழையும் இல்லடா. அந்தப் போன்ல பழைய பக்கம் தங்கியிருக்கு, அதான் முதல்ல படம் வருது, புதுப் பக்கம் வந்ததும் போயிடுது. வேலையை விட்டு எடுத்தவங்க படம் தானா மறையணும்னு எழுதினது நீதானே? உன்கிட்ட இன்னும் யாரும் சொல்லலையா?"

மாமனார் போனில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தார். மருமகன் ஒரு நொடி சிரித்தான். மறைந்தான்.