சுவர்கள் தரும் சான்றிதழ்

ஆறு மாதமாக வீட்டில் அலறல் கேட்கவில்லை என்று சுவர்கள் சான்றிதழ் தந்தால்தான் நல்ல விலை. தரகர் தணிகைவேல் இதைச் சொன்னதிலிருந்து கருணாகரன் மனைவியை அடிக்கவில்லை. சுவர்களுக்குக் கேட்காத இடத்தில் வைத்து அடிக்கக் காரில் ஏறச் சொன்னால் சுலோச்சனா மறுத்துவிடுவாள்.

"பத்திரம் பதியட்டும், அப்புறம் இருக்குடி உனக்கு," என்று காதோரம் சொல்வான்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. வீடு பார்க்க வந்தவர்களிடம் தணிகைவேல், "கோயில் மாதிரி அமைதிங்க," என்றார். சுலோச்சனா தொண்டை கிழியக் கத்தினாள்.

வந்தவர்கள் ஓடியதும் கருணாகரன் அவள் முகத்தைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான்.

"இன்னியோட நிறுத்திக்குங்க சார்! நாளைலேருந்து மறுபடி ஆறு மாசம் எண்ணணும்," என்று தணிகைவேல் கையைப் பிடித்தார். கருணாகரன் நிறுத்தினான்.

சுலோச்சனா உடைந்த பல்லைத் துப்பினாள்.

"அடுத்து ஆளுங்க வரும்போது எனக்கும் முன்னாடியே சொல்லிடுங்கண்ணே."