பச்சைத் தண்ணீரே போதும்

“சூடெல்லாம் வேணாம், பச்சத் தண்ணியிலயே அடின்னு எத்தன தடவ சொல்றது?” என்றான் அக்காள் புருஷன்.

படுக்கையறைக் கம்பளத்தில் மண்டியிட்டிருந்த சின்னவள் நிமிரவில்லை.

கம்பளம் கழுவுவதுதான் அவள் தொழில். வாசலில் வேன், வேனுக்குள் தண்ணீரைக் காய்ச்சும் இயந்திரம், அங்கிருந்து மாடிவரை குழாய். குழாயின் முனையில் ஒரு விசை. அமுக்கினால் பாயும், விட்டால் நிற்கும்.

கட்டிலோரம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறை. மாதுளைச் சாறு கொட்டிவிட்டதாம். வெளியாளைக் கூப்பிட்டால் நாலு பேர் வாய்க்குப் போகும், மச்சினி என்றால் வாயை மூடிக்கொண்டு செய்வாள் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அக்காள் ஆஸ்பத்திரியில், தாடையில் கட்டோடு. மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். படியில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

நாளைக்கு போலீஸ் வருகிறது. இந்தக் கறை போய்விட்டால் அக்காள் திரும்ப இதே அறைக்குத்தான் வந்தாக வேண்டும்.

வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது.

அதனால்தான் கீழே போய்த் தண்ணீரின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்திருந்தாள். மெதுவாகப் போகிற தண்ணீர் வேனில் சூடேறும் சுருள் குழாயில் அதிக நேரம் தங்கும், கொதித்துக்கொண்டு வரும்.

முதல் இழுப்பிலேயே ஆவி பறந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தைக் கட்டில் காலில் மோதினான். இன்னொரு தடவை. பல் ஒன்று நாக்கில் உருண்டது. விசையிலிருந்து கையைப் பிய்த்தெடுத்து விரல்களை மிதித்தான்.

“இப்ப அடி பார்ப்போம், உன் வெந்நிய.”

தண்ணீர் நின்றால் சூடும் நின்றுவிடும் என்று நினைப்பு. போக வழியில்லாத தண்ணீர் சுருளுக்குள் உட்கார்ந்து இன்னும் காயும் என்பது அந்த வேனோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும்.

அடி வாங்கிக்கொண்டே எண்ணினாள். நாற்பது வந்ததும் இடது கையால் விசையை அமுக்கி அவன் காலுக்குத் திருப்பினாள்.

முதலில் வந்தது குழாயில் ஆறிக் கிடந்த தண்ணீர். வெதுவெதுப்பு. அவன் சிரித்தேவிட்டான்.

அடுத்த மூச்சில் வேனில் காய்ந்தது வந்தது.

காலுறையோடு தோல் உரிந்தது. சுவரைப் பிடிக்கப் போய், சுவர் கிடைக்காமல் விழுந்தான். அவள் விடவில்லை, முழங்கால் வரைக்கும் போனாள். பிறகு அவன் அலற அலறவே கறைப் பக்கம் திரும்பி, நிதானமாக மூன்று இழுப்பு போட்டாள்.

“பச்சத் தண்ணிதான்டி ஊத்தணும்,” வலியில் உளறினான். “உங்கக்கா எப்பவும் பச்சத் தண்ணிதான் ஊத்துவா.”

எப்பவும்.

அவள் கை நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொழில் தொடங்கின புதிதில், அக்காள் போனில் கேட்டிருந்தாள், ரத்தக் கறைக்கு என்ன போடுவது என்று. குழம்புக்குப் பக்குவம் கேட்கிற மாதிரி, சாதாரணமாக. அக்காளே தன்னிடம் யோசனை கேட்கிறாளே என்ற பூரிப்பில் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று இவள் அரைமணி நேரம் விளக்கினாள்.

யாருடைய ரத்தம் என்று மட்டும் கேட்கவில்லை.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா, சொல்லுங்கள்?