நின்றே வரவேற்பவர்

காலை வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருக்கிறது. தெரு உதவிக் குழுப் பெண் படிவத்தை விரிக்கிறாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வாராவாரம் போலவே சுவரோரம் நின்றபடி வரவேற்கிறார். 'தானாக எழுகிறார்' என்று அவள் டிக் அடித்தால் அவர் இந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அவர் மகள் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லம். "உட்காருங்க மாமா." "முப்பது வருஷம் உட்கார்ந்தே பஸ் ஓட்டியாச்சும்மா. இனிமே நிக்கறேனே!" அவள் சிரிக்கிறாள். "ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டிடுங்க, போதும்." அவர் நாற்காலியைப் பார்க்கிறார். இருக்கையில் தூசி படிந்திருக்கிறது. மெல்ல அமர்கிறார். கைப்பிடிகளில் இரு கைகளையும் ஊன்றுகிறார். முழங்கைகள் நடுங்குகின்றன, உடம்பு எழவில்லை. மறுபடியும் ஊன்றுகிறார். அவள் பேனா காகிதத்தைத் தொடாமல் நிற்கிறது. "எழுதிக்கோம்மா," என்கிறார். "எவ்வளவு நாள்தான் நிக்கறது?"