எட்டுப் புது ஒயர்கள்

ஓடும்போதே நின்றுவிடுகிறது என்று வந்த டீசல் வேன். பானெட்டைத் தூக்கிய மெக்கானிக், சாப்பாடு கொண்டுவந்த மாமியாரையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"நான் சொல்றப்போ சாவியைத் திருப்புங்க அத்தை. எந்த ஒயர் லூஸுன்னு ஆட்டிப் பார்க்கறேன்."

எஞ்சின் உறுமியது. டீசல் பிரஷர் சென்சாரின் ஒயரைத் தொட்டதுமே பட்டென்று அணைந்தது.

"மாட்டுச்சு" என்று ஒயரை மாற்றினார். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்து ஒயரைத் தொட்டார். மறுபடி அணைந்தது.

விட்டேனா பார் என்று எட்டு ஒயரை மாற்றியாயிற்று. ஒன்பதாவதைத் தொட்டதும் எஞ்சின் நிற்க, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு அத்தை."

"பேயுமில்ல, பிசாசுமில்ல மாப்பிள்ளை. பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு, ஓடுற எஞ்சினுக்குள்ள நீங்க கையை விடறதைப் பார்த்துட்டு சும்மா இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் நான்தான் சாவியைத் திருப்பி அணைச்சேன்."