கடலே இல்லாத ஊர்

"பொய் சொல்லாதீங்கய்யா. ஒம்போது உசுரு கடல்ல கிடக்குது. போன இடத்தை உங்க மவன் உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்காரு."

களமருதூரில் கொளஞ்சியப்பனை நேருக்கு நேர் பார்த்து இப்படிப் பேச ஆள் கிடையாது. எட்டு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர். பேசியவள் வெளியூர்க்காரி, கடலூர் துறைமுகத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்த பூமாலை. அவள் புருஷன் ராசுவும், கொளஞ்சியப்பனின் மகன் தீனதயாளனும் ஏறிப்போன விசைப்படகு பத்து நாளாகக் கரை திரும்பவில்லை.

"பொய் சொல்ற வம்சம் இல்லம்மா இது." நாற்காலியில் அவர் முதுகு வளையவில்லை. "எங்கிட்ட யாரும் எந்த இடமும் சொல்லல. கடலைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னுதான் உங்ககிட்ட சொல்றாரு!" பூமாலை தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி எங்க சூடு, எங்க குளுமைன்னு போன்ல படம் வருதாமே. ரெண்டும் ஒரசிக்கிற எடத்துல மீனு கூடும்னு தீனா அண்ணன் பார்த்துச் சொல்லும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னும் பார்க்கும். அது வந்தப்புறம் எங்க போட்டு ஒரு நாளும் வெறும் வலையோட வந்ததில்ல."

"அதுக்கு?"

"அந்த எடத்தைக் கரையில மூச்சு வுட்டா, மறுநாளே ஐம்பது போட்டு அங்க வந்து நிக்கும். கட்டின பொண்டாட்டிகிட்டகூட எங்காளுங்க சொல்ல மாட்டாங்க. தீனா அண்ணன் மட்டும், 'எங்கப்பா ஊர்ல கடலே இல்ல, அவருகிட்ட சொன்னா வெளிய போவாது. எதுனா ஆச்சுன்னா அவர்கிட்ட போய்க் கேளுங்க'ன்னு சொல்லும். உங்க ஊரைத் தேடிப் புடிக்கவே இத்தனை நாளாச்சு."

உள்ளே அவர் மனைவி ராணியம்மாளின் விசும்பல் சட்டென்று நின்றது.

"அவங்க எங்க வலை வுட்டாங்கன்னு தெரிஞ்சாப் போதுமாம். நீரோட்டத்தை வச்சிக் கணக்குப் பண்ணி, போட்டு எவ்ளோ தூரம் அடிச்சிக்கினு போயிருக்கும்னு தேடறவங்க சொல்லிடுவாங்களாம். இப்ப தெற்காலயா வடக்காலயான்னே தெரியாம சுத்திக்கினு கிடக்கறாங்க. இன்னிக்கி ஆறு மணியோட தேடற போட்டெல்லாம் திரும்பிடும். அப்புறம் கருமாதிதான்யா."

கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "நீயே பாரு. இந்த வூட்டுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பேங்க், காஸ் சிலிண்டர், உரக்கடை. தீனதயாளனிடமிருந்து ஒரு எழுத்து இல்லை.

"அப்போ பொய் சொன்னது அண்ணன்தானா?" அவள் குரல் உடைந்தது. "மூணு வருசமா, அப்பாவுக்கு மெசேஜ் போட்டுட்டுதான் போட்டுல காலை வப்பேன்னு பீத்திக்கினு இருந்துச்சே! எங்க வூட்டுக்காரரு அதைக் கேட்டுட்டு வந்து, 'அப்பன்னா அது அப்பன், நீயும் இருக்கியே'ன்னு எங்க மாமனாரைத் திட்டுவாரு. நல்லா நம்ப வச்சாரு உங்க புள்ள."

போனை அவர் மடியில் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.

கொளஞ்சியப்பன் அசையவில்லை. தீபாவளி, பொங்கல் என்று நல்ல நாள் தவறாமல் அந்தப் போனை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று வருஷத்தில் ஒரு வரி எழுத அவனுக்குக் கை வரவில்லை. உழுது விளைத்த குடும்பத்தில் பிறந்து, மீன் பிடிக்கப் போய், படித்த படிப்பைக் கடலில் கரைத்தான். ஊரில் தலைகுனிய வைத்தான். இப்போது பொய்யன் என்ற பேரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டான்.

ராணியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எம்புள்ள பொய் சொல்ல மாட்டான். போன்தான் கெட்டுக் கிடக்குது. கடையில கொண்டுபோய்க் காட்டுங்க."

"அவன் அனுப்பாததுக்குப் போன் இன்னாடி பண்ணும்?"

"உங்க வீறாப்புல எம்புள்ளைய முழுங்கிடாதீங்க."

அவர் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆனது.

கடைத்தெருவில் சர்புதீனின் போன் கடையில் கடிகாரம் ஆறரை காட்டியது. எப்போதும் போல் நிமிர்ந்தே போய் நின்றார். "மெசேஜ் எதுனா வராம போவுதான்னு பாரு, சர்புதீன்."

சர்புதீன் வாங்கி இரண்டு இடத்தில் அழுத்தினார். "போன்ல ஒரு கோளாறும் இல்லீங்க ஐயா. மெசேஜ் எல்லாம் நல்லாத்தான்..." விரல் நின்றது. "ஐயா, மூணு வருசத்துக்கு முந்தி பங்காளிங்க நாலு பேர வச்சிக்கினு, 'அந்தப் பய நம்பரு இனிமே வரக் கூடாது'ன்னு இதே எடத்துல நின்னு சொன்னீங்களே?"

"ஆமா. மணி அடிக்காம பண்ணச் சொன்னேன். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"நம்பரை பிளாக் பண்ணா போனு மட்டும் இல்லீங்க, மெசேஜும் கண்ணுல படாது. தனியா ஒரு மூலையில போய் விழுந்துக்கினு இருக்கும்."

சர்புதீன் போனைத் திருப்பிக் காட்டினார். எழுநூறுக்கும் மேல். கடலுக்குப் போன ஒவ்வொரு விடியற்காலைக்கும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வந்தது, பத்து நாளைக்கு முந்தையது:

'அப்பா, கடலூர் லைட்ஹவுஸ்லேருந்து வடகிழக்கே அறுபத்திரண்டு கிலோமீட்டர், அங்கதான் தண்ணி குளுந்து கிடக்குது. யாராவது வந்து கேட்டா மட்டும் சொல்லுங்க.'