மாக்கிறட் மாமியின் அற்றோணி

மாமி இறந்துபோனதற்கு வங்கிக் கவுண்டரில் இருந்த டினோஜா எனக்கு அனுதாபம் சொன்னாள்.

மாமியைத் தேத்தண்ணியும் பாணுமாக வீட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

எந்த மாமி என்று கேட்டேன். பஸ்தியாம்பிள்ளை மாக்கிறட் மாமிதான் என்றாள். வேலைக்கு வருமுன் எங்கள் ஊர் வேதக் கோயிலில் காலைப் பூசை கண்டிருக்கிறாள். இறந்த மாக்கிறட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சுவாமி வாசித்ததைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். வந்ததும் முகாமையாளரிடம் சொல்லி மாமியின் கணக்கையும் நிறுத்திவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் யாழ்ப்பாணத்தில் மாமியின் இருதயத்துக்கு மெசின் வைப்பதாக இருந்தது. பின்னேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் காசு போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த இடம் கிடைக்கும்வரை மாமியின் இருதயம் பொறுத்திருக்குமா என்று கேட்டதற்கு டாக்குத்தர் இந்த இடத்தை விடவேண்டாம் என்றார்.

காசு மாமியுடையது. கருவாடு விற்றுச் சேர்த்தது. வாதம் வந்து வலது கை விழுந்தபிறகு, அவருக்காகக் கையெழுத்து வைக்க என்னை அற்றோணியாக நியமித்தார். சட்டப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்கே வந்து எழுதினார். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அவருடைய தம்பியின் மகன்.

"கிறிஸ்ரி அண்ணா, ஆள் மோசம் போனால் அற்றோணியும் அதோட முடிஞ்சுது. இனி நீங்கள் கையெழுத்து வைக்க ஏலாது" என்றாள் டினோஜா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஆள் சாகவில்லை என்று சத்தியம் பண்ணினேன். முகாமையாளர் எழும்பி வந்தார். ஆளைக் கண்ணால் கண்டால் கணக்கைத் திறக்கலாம், வங்கி மூடுவதற்குள் கூட்டி வாருங்கள் என்றார்.

மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஊருக்குப் பறந்தேன். வழியெல்லாம் அம்புறோசைத் திட்டிக்கொண்டே போனேன். எங்கள் கோயிலில் மணியடித்துப் பூசைக்கு ஆயத்தம் செய்கிற சங்கிலித்தாம் அவன். யார் யாருக்காகப் பூசை என்று சுவாமி வாசிக்கிற கருத்துகளை எழுதிக் கொடுப்பதும் அவன்தான். உயிரோடு இருக்கிற மனுசியைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டான். அவனுக்கு இன்றைக்கு இருக்கிறது.

வீட்டில் அயல்வீட்டு ஜூலியட் அக்கா கதிரையில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஒப்பாரியோடு ஓடி வந்தவரை மாமி இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். மாமி திடுக்கிடவில்லை. வாசித்தது புதுச் சுவாமியா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். வங்கிக்குப் போவதென்றால் நல்ல சீலை வேண்டும் என்று மாற்றிக்கொண்டார். செத்த ஆளுக்கு இது பெரிய எடுப்பு என்று முணுமுணுத்தபடி ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினேன்.

வாய் ஓயாத மனுசி வழியில் ஒரு சொல் பேசவில்லை. நெஞ்சு நோகிறதா என்று இரண்டு முறை கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். குலுங்கக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்ததால் ஓட்டோக்காரர் ஊர்ந்துகொண்டிருந்தார். நகரத்துக்குள் கழுதைகள் நடுறோட்டில் நின்றன. ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. நான் இறங்கிப்போய்த் துரத்தினேன்.

முகாமையாளரும் டினோஜாவும் ஓட்டோவடிக்கே வந்தார்கள். அடையாள அட்டையையும் மாமியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தொடர்ந்து நானே அற்றோணியாக இருக்கச் சம்மதமா என்று முகாமையாளர் கேட்டார்.

"ஓம் ஐயா. எனக்கு இப்ப கை இவன்தான்" என்றார் மாமி.

டினோஜா மன்னிப்புக் கேட்டாள். மாமி இடக்கையால் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

காசு போய்ச் சேர்ந்தது. கிடைத்துவிட்டது, நாளைக்கு ஆளைக் கூட்டி வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னதும் நான் வங்கிப் படியிலேயே இருந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. பிறகு சோடா வாங்கி, ஓட்டோக்காரரோடு மூன்று பேருமாகக் குடித்தோம்.

திரும்பும்போது கோயிலடியில் நிறுத்தச் சொன்னேன். அம்புறோஸ் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றான். அவனை நாலு கேள்வி கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

மாமி என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "அவனை ஏசாதை. பூசைக்குக் குடுத்தது நான்."

எனக்கு விளங்கவில்லை. மாமி என்னைப் பார்க்காமல் சொன்னார். கைச்செலவுக்கு நான் கொடுப்பதில் மிச்சம் பிடித்து, போன கிழமை அம்புறோசை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். தான் போனபிறகு பூசை ஒப்புக்கொடுக்கத்தான் கொடுத்தாராம். அவன் அதை மற்றக் கருத்துகளோடு வைத்துவிட்டான் போல. புதுச் சுவாமிக்கு ஆளைத் தெரியாது.

உயிரோடு இருக்கும்போதே இதற்கு என்ன அவசரம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் கண்ணை மூடினால் என்ர காசிலை நீ ஒரு சதமும் எடுக்கேலாது எண்டு நொத்தாரிசு சொல்லேக்கை நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான். பிறகு நீ ஆரிட்டைப் போய்க் கைநீட்டுவாய்? சவப்பெட்டிக்கும் குடுத்தாச்சு, பாண்டு வாத்தியத்துக்கும் குடுத்தாச்சு. நீ நிண்டு அழுதாக் காணும்."