டாக்டரைக் கூப்பிடுங்க

"ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷன்ட் உங்களைப் பார்த்து, 'நீ டாக்டர் இல்லையே, என் காலைத் தொடாதே'ன்னு சொல்றார். என்ன செய்வீங்க?"

இன்டர்வியூவில் மார்லிஸ் இந்தக் கேள்வியைக் கடைசிக்கென்று வைத்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில், டாக்டர் பட்டம் இல்லாமல் டாக்டருக்குத் துணையாக வேலை செய்யும் பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கெல்லாம் தலைவி அவள்.

பைபாஸ் என்றால் நெஞ்சு டாக்டருக்கு, கால் இவர்களுக்கு. காலிலிருந்து ரத்தக்குழாயைப் பதமாக எடுத்துக் கொடுத்து, தையலையும் போட்டுவிடுவார்கள். பிழைத்து எழுந்தவர் நன்றியை டாக்டரிடம் சொல்வார். கால் வலியை மட்டும் இவர்களிடம் சொல்வார்.

எதிரே உட்கார்ந்திருந்த டெரெக்கும் அதே படிப்புதான். கீழே எமர்ஜென்சியில் வேலை. இதயப் பிரிவுக்கு வர இது மூன்றாவது முயற்சி. லீவு நாளில் மற்றவர்கள் ஏரியில் மீன் பிடிக்கப் போனால், இவன் ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நின்று பார்ப்பான்.

"டாக்டரைக் கூப்பிடுவேன், மேடம்."

"அவ்வளவுதானா?"

"பயந்துபோயிருக்கறவங்ககிட்ட என் படிப்பைப் பத்தி என்ன வாதாடறது? டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொன்னா தைரியம் வந்துடும். அப்புறம் அவங்களே காலைக் காட்டுவாங்க."

மார்லிஸுக்குச் சுருக்கென்றது.

"இந்த மரியாதைக்காக இத்தனை வருஷமா மல்லுக்கட்டறேன். நாமளே டாக்டரைக் கூப்பிட்டா நம்மள எவன் மதிப்பான்? 'இந்த வேலையில உங்க டாக்டரை விட எனக்குத்தான் கைப்பழக்கம் ஜாஸ்தி'ன்னு பட்டுனு சொல்ல வேணாமா?"

"சொல்லலாம் மேடம். ஆனா..."

"முதுகெலும்பு இல்லாதவங்களுக்கு இங்க இடமில்லை டெரெக். நீங்க எமர்ஜென்சியிலேயே இருங்க."

அவன் நன்றி சொல்லிவிட்டு, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டுப் போனான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தான் செய்தது சரி என்றே மார்லிஸ் நினைத்தாள்.

மதியம் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்.

"மார்லிஸ், உன் வீட்டுக்காரர் வாசல்ல பனி அள்ளிக்கிட்டிருந்தார். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். ஆம்புலன்ஸ்ல உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்காங்க, நானும் கூடவே வந்தேன். நீ கீழ வர்றேன்னு இங்க எமர்ஜென்சியில சொல்லிடறேன், ஓடி வா!"

காலையிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், 'ஐம்பத்தெட்டு வயசுல உனக்கெதுக்கு இந்தச் சவால், ஆள் வெச்சு அள்ளிக்கலாம்' என்று. கேட்டால்தானே!

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினாள்.

அவள் கணவர் ராய் கட்டிலில் கிடந்தார். முகம் வெளிறி, சட்டையெல்லாம் வேர்வை. "பாதி வாசல்தான் ஆச்சு" என்று அவளைப் பார்த்து முனகினார். அவருடைய கையில் ஊசி ஏற்றத் தயாராக நின்றவன் நிமிர்ந்தான். டெரெக்.

"மேடம், பயப்படாதீங்க. ஈசிஜியில அடைப்பு தெரியுது, டாக்டரும் பார்த்துட்டார். ஆஸ்பிரின் குடுத்தாச்சு. அடைப்பை எடுக்கற டீம் தயாராகுது. அதுக்குள்ள இன்னொரு ஊசி மட்டும் ஏத்திடறேன்."

எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. அவள் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க தொடாதீங்க டெரெக்! டாக்டர் எங்க? டாக்டரைக் கூப்பிடுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டெரெக் ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்தான். அவன் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"கூப்பிட்டுட்டேன் மேடம், வந்துக்கிட்டிருக்கார்" என்றான். "நீங்க கீழ வர்றீங்கன்னு சொன்னதுமே கூப்பிட்டுட்டேன்."